எழுபத்து நான்கு

சேலத்தில், கண் ஆஸ்பத்திரியின் மூன்றாம் அறையில்
புள்ளிகளாலான புத்தகத்தைத் திறந்து
என்ன எண் என்று கேட்டார்கள்.
இருபத்தொன்று என்றான் துரைச்சாமி,
சில்லறை எண்ணித் தருபவனைப் போலத் தயங்காமல்.

பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது
எழுபத்து நான்கு.

கைப்பையை இறுக்கிக்கொண்டேன்.
உள்ளே அவனுடைய லைசென்ஸ் விண்ணப்பம்,
வாழையிலையில் கட்டிய இட்லி.

"உங்க அப்பாவுக்கு நிறம் தெரியுமா?"
டாக்டரம்மா கேட்டது என்னை.
மகனுக்குக் கோளாறென்றால்
அவன் அப்பாவையல்லவா கேட்க வேண்டும்?
வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறார்.

அவருக்கு இதில் பங்கில்லை என்றார் அவர்.
அவர் தந்தது வேறு, ஆணாக்கும் அந்தச் சின்ன ஒய்.
இது உங்கள் வழியாக வந்தது.
மருந்துச்சீட்டின் பின்பக்கம்
கோடு கோடாக இழுத்தார்.
நான் அதை வேறுமாதிரி வாசித்தேன்.

எங்கள் மலைக்கு இரண்டு சாலை.
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவு ஒன்று,
குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறுவது இன்னொன்று.
ஐப்பசி மழையில் ஒன்று சரிந்தால்
மற்றதில் பால்வண்டி வந்துவிடும்.
சரிந்ததே பாதிப்பேருக்குத் தெரியாது.
பெண்ணுக்கு அப்படி இரண்டு எக்ஸ்.
ஆணுக்கு ஒரே சாலை,
சரிந்தால் சரிந்ததுதான்.

என் இரண்டில் ஒன்று அப்பா போட்டது.
அவரிடம் இருந்ததே ஒன்று.
அதை அப்படியே, மண்சரிவோடு, தந்திருக்கிறார்.
நாற்பத்தாறு வருடம் சுமந்திருக்கிறேன்
சிவப்பைச் சிவப்பாகவே பார்த்துக்கொண்டு.

மூத்தவனுக்கு அது போனது.
இளையவன் வேடியப்பனுக்கு மற்றது.
வேண்டுதலில் குறையில்லை, யார் சாபமும் இல்லை.
ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்டிய காசு.
முன்பு பூவா தலையா என்பது
அடுத்த காசுக்கு ஞாபகமில்லை.

அப்பா, கரியராமன்,
நாகலூர்ப் பக்கம் காப்பிப்பழம் பறித்தார்.
பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் பறிப்பார்.
மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போனால்
காயும் சேர்ந்து வந்துவிடும்.
சோம்பேறி என்பார் மேஸ்திரி.

எடைமேசையில் கணக்கெழுதியது நான்.
பத்தொன்பது வயது, புதுப் பேனா.
காய் கலந்த கூடைக்குக் கழிவு உண்டு.
கரியராமன், இருபத்தெட்டு கிலோ, கழிவு மூன்று.
மகள் சலுகை காட்டினாள் என்று
யாரும் சொல்லிவிடக் கூடாதே,
சில நாள் நான்கு என்றும் எழுதினேன்.

அவர் கேட்டதில்லை.
ஒரே ஒருமுறை
கூடையைச் சாக்கின்மேல் கவிழ்த்து,
"இதுல எதும்மா காயி?" என்றார்.
கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.
வரிசையில் ஆள் நின்றது.
அடுத்து, என்றேன்.

திரும்பும்போது அஸ்தம்பட்டி சிக்னலில்
பஸ் நின்றது.
"மேலே எரிஞ்சா நில்லு, கீழே எரிஞ்சா போ.
இதுக்கு மேல என்ன வேணுமாம்?" என்றான் துரைச்சாமி.
அவன் அப்பா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.
கொஞ்சநேரம் கழித்து,
"எனக்குப் பையன் பொறந்தா?"
உங்கிட்ட இருந்து அவனுக்கு வராது.
"பொண்ணு?"
அவளுக்குக் கட்டாயம் போகும். வெளியே தெரியாது.
"அப்ப பொண்ணுதான்.
கணக்கெழுத ஆள் வேணுமில்ல" என்று சிரித்தான்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
கழிவு மூன்று. கழிவு நான்கு.
மூன்று பருவம், ஞாயிறு நீக்கி.
கூட்ட ஆரம்பித்து ஆறாம் வளைவில் தவறவிட்டேன்,
மறுபடி முதலிலிருந்து.

பதினேழாவது வளைவு தாண்டிக் காப்பிச்செடிகள்.
"பழுத்திடுச்சாம்மா?"
பாதி, என்றேன்.
"எது?"

கம்பிக்கு வெளியே கையை நீட்டி
இது, இது, அதோ அது என்று காட்டினேன்.
பஸ் அதற்குள் திரும்பிவிட்டது.